லூகாஸ் மேல் விழுந்த பழி

சென்னைக்காரனான எனக்கு லூகாஸ் என்றால் முதலில் ஒரு பஸ் ஸ்டாப். பாடியில் இருக்கிற லூகாஸ் டிவிஎஸ். பர்மிங்காம் லூகாஸ் நிறுவனமும் டிவிஎஸ்ஸும் கூட்டுச் சேர்ந்து 1961-ல் தொடங்கியது. எங்க ஏரியாவில் 'பையன் லூகாஸ்ல இருக்கான்' என்று சொன்னால் கல்யாணத் தரகர் நிமிர்ந்து உட்காருவார். அந்த மரியாதையோடு இங்கிலாந்து வந்தால், இங்கே பேரைச் சொன்னதும் சிரிக்கிறார்கள். 'இருட்டின் இளவரசன்' என்று பட்டப்பெயர். லூகாஸ் ஸ்விட்சுக்கு மூன்று நிலையாம்: மங்கல், மினுக்கல், அணைந்தது. இங்கிலீஷ்காரன் ஏன் பீரைச் சில்லென்று குடிப்பதில்லை? அவன் வீட்டு ஃபிரிட்ஜை லூகாஸ் செய்ததால்.

கவென்ட்ரியில் என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இந்த ஜோக் எல்லாமே மனப்பாடம். பக்கத்தில் மெரிடனில் இருந்த டிரையம்ப் ஆலையில் வேலை பார்த்தவர். ஷெட்டில் 1968 மாடல் டிரையம்ப் 650 ஒன்று வைத்திருக்கிறார். பகலில் மட்டும் ஓட்டுவார். ஹெட்லைட்டைப் போட்டால் பேட்டரி இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பேட்டரியைக் கழற்றிச் சமையலறையில் வைத்து சார்ஜ் போடுவார். ஐம்பது வருஷமாக இதுதான் வழக்கம். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: லூகாஸ்.

போன மாசம் 'நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?' என்று கேட்டேன். எலக்ட்ரிகல் படித்தவனுக்கு இருக்கிற அரிப்பு, வேறென்ன.

முதலில் அந்த வண்டியில் கரண்ட் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய பிரிட்டிஷ் பைக்குகளில் டைனமோ இருந்தது. லூகாஸ் ஈ3எல் என்ற டைனமோ 6 வோல்ட்டில் 60 வாட் கொடுக்கும். அதில் கார்பன் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் உண்டு. சுருளில் பிறக்கிற மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி வெளியே அனுப்புவது அந்தக் கம்யூட்டேட்டர்தான். ஆனால் பிரஷ் தேயும். கூடவே காண்டாக்ட் பாயின்ட்டோடு ஒரு ரெகுலேட்டர் பெட்டி வேறு. அது ஒட்டிக்கொள்ளும், கருகும்.

1953-ல் டிரையம்ப் ஸ்பீட் ட்வின் வண்டிக்கு லூகாஸ் ஆல்டர்னேட்டர் வந்தது. கிராங்க் ஷாஃப்ட் முனையிலேயே ஒரு காந்தம் சுற்றும், அதைச் சுற்றி ஆறு சுருள்கள் அசையாமல் நிற்கும். உரசுகிற பாகமே கிடையாது. அழகான யோசனை. ஆனால் வருவது மாறுமின்சாரம், பேட்டரிக்கு அது உதவாது. அங்கேதான் ரெக்டிஃபையர் உள்ளே வருகிறது.

சைக்கிள் டியூப் வால்வு மாதிரிதான் அது. காற்று உள்ளே போகும், திரும்ப வராது. அப்படி நான்கு வால்வுகளைச் சதுரமாகக் கோத்தால், மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே திசையில்தான் வெளியேறும். 1890-களின் நடுவில் போலந்துக்காரர் கரோல் போலாக் இந்தச் சுற்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு ஜெர்மானியர் லியோ கிரேட்ஸ் அதைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் பல நாடுகளில் அதன் பெயர் கிரேட்ஸ் பாலம். போலாக்கை யாருக்கும் தெரியாது.

ஆரம்பத்தில் வால்வுக்குப் பதில் இருந்தவை செலினியம் பூசிய தகடுகள். செலினியத்துக்கு வயசாகும், வருஷம் போகப்போகத் தடை கூடி, சார்ஜ் குறைந்துகொண்டே போகும். எரிந்தாலோ, ஷெட்டை விட்டு ஓட வைக்கிற நாற்றம். விஷமும்கூட. அறுபதுகளில் சிலிக்கான் டயோடு வந்ததும் அந்தத் தொல்லை விட்டது.

ஆனால் 6 வோல்ட் காலத்து அமைப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. அதில் ரெகுலேட்டரே கிடையாது! பகலில் லைட் அணைந்திருக்கும்போது ஒரு ஜோடிச் சுருள் மட்டும் சார்ஜ் செய்யும், மற்றவற்றைக் குறுக்கே இணைத்து அடக்கி வைத்திருப்பார்கள். ஹெட்லைட் ஸ்விட்சைத் திருப்பினால் மூன்று ஜோடியும் வேலைக்கு வரும். அதாவது ஓட்டுகிறவர் விரல்தான் ரெகுலேட்டர். 12 வோல்ட் வந்த பிறகு, 1966 வாக்கில், ஜீனர் டயோடு என்ற ஒரு பாகம் சேர்ந்தது. சுமார் 14 வோல்ட்டைத் தாண்டினால், மிஞ்சின மின்சாரத்தை அது வெப்பமாக்கிக் காற்றில் விட்டுவிடும். 1968 டிரையம்ப்பில் ஹெட்லைட்டுக்குக் கீழே செதில் செதிலாக ஒரு அலுமினியத் துண்டு தெரியும். அது அலங்காரம் இல்லை, அந்த ஜீனரைக் குளிர வைக்கிற ஏற்பாடு.

சரி, ஷெட்டுக்கு வருவோம். சீட்டைத் தூக்கினால் பேட்டரிக்குப் பின்னால் ரெக்டிஃபையர்: நடுவில் ஒரு போல்ட், அதில் கோத்த சில தகடுகள். வயர்களைக் கழற்றி, ஒரு பேட்டரி, ஒரு பல்பு வைத்து நான்கு வழிகளையும் சோதித்தேன். மூன்றில் ஒரு திசையில் மட்டும் பல்பு எரிந்தது, சரி. நான்காவதில் எந்தத் திசையிலும் எரியவில்லை. பாதி அலைதான் பேட்டரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இக்னிஷன் காயில்கள் இரண்டும் தின்றது போக ஹெட்லைட்டுக்கு என்ன மிஞ்சும்?

கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தகடுகள் வரிசையாக இல்லை. ஒன்று மட்டும் திருகிக்கொண்டு, பக்கத்துத் தகட்டோடு சேர்க்கிற மெல்லிய இணைப்பு பிய்ந்து நின்றது. டயோடு எரிந்து இப்படி ஆகாது. ஸ்பானர் செய்த வேலை இது. நடுப்போல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாமல் நட்டை மட்டும் திருப்பினால், போல்ட்டோடு தகடுகளும் சுற்றும். போல்ட் தலையை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொள், தகடுகளை இறுக்குகிற நட்டைத் தொடவே தொடாதே என்று அந்தக் காலத்து ஒர்க்‌ஷாப் மேனுவலிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

'இதை யாராவது கழற்றினாங்களா?' என்று கேட்டேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: 1973 செப்டம்பரில் ஆலையை மூடப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. தொழிலாளிகள் கேட்டை மறித்து உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் முறை போட்டுக் காவல் இருந்த நேரம் போக மீதி நேரம் வேலை இல்லை, பணமும் இல்லை. வண்டியையாவது அழகாக வைப்போம் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பெயின்ட் அடித்தாராம். 'ஒரே ஒரு ஸ்பானர்தான் கையில இருந்துது' என்றார்.

அந்தப் போராட்டம் 1975-ல் தொழிலாளர் கூட்டுறவாக மாறி, 1983 வரை தாக்குப்பிடித்தது. தொழில் போனதற்கு யார் காரணம் என்று அந்த ஊரில் இன்றைக்கும் பேச்சு ஓயவில்லை. ஹோண்டா 1969-ல் சிபி750-ஐ இறக்கியது: மூன்று ஃபேஸ் ஆல்டர்னேட்டர், பட்டன் ஸ்டார்ட். டிரையம்ப்போ 1937-ல் எட்வர்ட் டர்னர் கொடுத்த 500 சிசி ட்வின் எஞ்சினையே 650 ஆக்கி, 750 வரை இழுத்தது. அதில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். சிசி கூடக்கூட அதிர்வும் கூடும். அந்த ஆட்டத்தில் பல்பு இழை அறுந்தது, இணைப்புகள் கழன்றன, பேட்டரித் தகடுகள் உதிர்ந்தன. ஆட்டினது எஞ்சின். கெட்ட பேர் விளக்குக்காரனுக்கு. லூகாஸ் உத்தமன் என்று வாதாட வரவில்லை. பெரிய போட்டி இல்லாத இடத்தில் சுகமாக உட்கார்ந்திருந்த கம்பெனிதான் அது. ஆனால் பாதிப் பழியையாவது எஞ்சின் பக்கம் தள்ளணும் என்பது என் கட்சி.

புது ரெக்டிஃபையர் 35 ஆம்பியர் சதுரப் பாலம், தீப்பெட்டியை விடச் சின்னது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னும் சல்லிசாகக் கிடைக்கும். முனை வெட்டிய மூலையில் இருப்பது பிளஸ், அதற்கு எதிர்மூலை மைனஸ், மற்ற இரண்டும் ஆல்டர்னேட்டருக்கு. இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இந்த வண்டிகளில் பேட்டரியின் பிளஸ்தான் ஃபிரேமில் எர்த். சிவப்பு வயர் எர்த் வயர். இன்னொன்று, பழைய ரெக்டிஃபையர் நடுப்போல்ட் வழியாகவே எர்த் ஆகிவிடும். புதுசின் உடம்பு இன்சுலேட் ஆனது, போல்ட் போட்டால் மட்டும் போதாது. பிளஸ் முனையிலிருந்து ஃபிரேமுக்குத் தனியாக ஒரு வயர் இழுக்கணும். நான் முதலில் மறந்துவிட்டு, பத்து நிமிஷம் லூகாஸைத் திட்டினேன்.

வயரை மாட்டி, உதைத்து ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டைப் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றினோம். அம்மீட்டர் முள் இடப்பக்கம் விழாமல் நடுவைத் தாண்டி வலப்பக்கம் சாய்ந்தது. பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ரெக்டிஃபையரைத் தூக்கிப்போடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

'இனிமே அந்த ஜோக் சொல்ல மாட்டீங்கல்ல?'

'அதெப்படி? ஃபிரிட்ஜ் ஜோக் நல்ல ஜோக்காச்சே' என்றார்.