ஏழு கிணறு முதல் நம் மழைநீர்க் குழி வரை



வடசென்னைப் பக்கம் போகும்போது 'ஏழு கிணறு' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். 1772-ல் அங்கே அமைத்த கிணறுகளிலிருந்துதான் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் போனது. ஊர் மக்களுக்கு வீட்டுக் கிணறும் கோயில் குளமும்தான். கயிறு பிடித்து இறைத்தவர்களுக்கு ஒரு குடத்தின் கனம் தெரியும். அவர்களுக்கு யாரும் சிக்கனம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகருக்கு வந்தது. அதற்குப் பிறகு, தட்டுப்பாடு வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் தூரம் போய்த் தண்ணீர் கொண்டுவந்தோம். 1996-ல் கிருஷ்ணா நீர் பூண்டியை எட்டியது. 2004-ல், 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வீராணம் தண்ணீர். அப்புறம் கடல்நீரையும் குடிநீராக்கினோம். அதுவும் போதாமல் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்தது: 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் லாரிக்காக கேட் அருகே நின்றது நம்மில் பலருக்கு மறந்திருக்காது.

இடையில் 2003-ல் மட்டும் அரசு நம் மொட்டை மாடியைக் கவனித்தது. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அவசரச் சட்டம் வந்தது. அப்போது பலர் முணுமுணுத்தார்கள், நானும்தான். 2005-ல் பெருமழை கொட்டியபோது கிணறுகளில் நீர் ஏறியதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு சின்னக் கணக்கு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 5,000 சதுர அடி மாடியில் ஆறரை லட்சம் லிட்டர் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், 12,000 லிட்டர் லாரி நாற்பதுக்கு மேல். அந்த லாரிகளுக்கு நாம் கொடுக்கும் பணம் பராமரிப்புக் கட்டணத்தில்தான் வருகிறது.

ஆனால் குழி வெட்டியதோடு வேலை முடிவதில்லை. மேல் மணலில் வண்டல் படிந்தால் நீர் இறங்காது, வழிந்து சாலைக்குப் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த மணலை அள்ளி, கழுவி அல்லது மாற்றிப் போட வேண்டும். நம் குழிகளைப் போன மாதம் தேடிப் பார்த்தேன். ஒன்றன் மூடி மீது பூந்தொட்டிகள். இன்னொன்றைத் திறந்தால் சேறும், ஒரு கிரிக்கெட் பந்தும்!

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசி ஞாயிறு காலை 7 மணிக்கு அவற்றைச் சுத்தம் செய்யலாம் என்றிருக்கிறோம். வீட்டுக்கு ஒருவர் வந்தால் இரண்டு மணி நேர வேலை. மாடியில் துணி காயப்போடுகிறவர்கள், குழாய் வாயில் சருகு கிடந்தால் அப்படியே எடுத்துப் போட்டுவிடுங்கள். துடைப்பத்தால் உள்ளே தள்ள வேண்டாம். மழைநீர்க் குழாயில் வாஷிங் மெஷின் தண்ணீரை விடுகிறவர்கள் அதை உடனே மாற்றிவிடுங்கள். சோப்பு நீர் நேராக நம் போர்வெல் பக்கம்தான் இறங்குகிறது.

மண்வெட்டி இரண்டு சங்கத்தில் இருக்கிறது. பூந்தொட்டிக்காரர்கள் சனிக்கிழமையே தொட்டிகளை நகர்த்தி வைத்தால் நல்லது.