இல்லாத பிரேக்கைத் தேடும் கால்

வருடக்கணக்கில் வண்டி ஓட்டும் பெண்களிடம் பேசிப் பாருங்கள். மழையிலும் லாரிகளுக்கு நடுவிலும் தனியாக ஓட்டும்போது வராத பயம், வேறொருவர் ஓட்டும் காரில் ஏறி உட்கார்ந்ததும் வந்துவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். முன்னால் போகும் பஸ்ஸில் சிவப்பு விளக்கு எரிந்ததும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவளின் வலது கால் காரின் தரையை அழுத்துகிறது. ஸ்கூட்டர் ஓட்டுகிறவளுக்கு இரண்டு கை விரல்களும் தாமாக மடங்குகின்றன. அங்கே பிரேக் இல்லை. "கொஞ்சம் மெதுவா போங்க" என்று வாய்விட்டுச் சொன்னால், "பொம்பளைங்களுக்கே எல்லாத்துக்கும் பயம்" என்று பதில் வருகிறது.

இந்தப் பயத்துக்கு உடலில் ஒரு காரணம் இருக்கிறது. இரு சக்கர வண்டியில் நம்மைச் சுற்றித் தகரக் கூடு கிடையாது. அதனால் சாலையில் கிடக்கும் மணல், எண்ணெய்க் கறை, திறக்கப்போகும் கார்க் கதவு, சிக்னல் போடாமல் திரும்பப்போகும் ஆட்டோ என எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்க்கக் கண் பழகிவிடுகிறது. பார்த்த கணத்தில் கையும் காலும் வேலை செய்கின்றன. காரின் இடது பக்க இருக்கையில் கண் அதே வேலையைச் செய்கிறது, கைக்கு மட்டும் வேலை இல்லை. வளைவில் வண்டியோடு சாய்ந்து பழகிய உடல், காரில் எதிர்ப்பக்கமாகத் தள்ளப்படுகிறது. ஓட்டுகிறவருக்கு அடுத்த வளைவு முன்பே தெரியும், பயணிக்குத் தெரியாது. காரில் குமட்டலும் தலைசுற்றலும் ஓட்டுநரைவிடப் பயணிகளுக்கு அதிகம் வருவதும் இதனால்தான்.

ஆண் பைக் ஓட்டிகளுக்கும் இந்தத் தவிப்பு உண்டு. ஆனால் அவர்கள் "பார்த்துப் போ" என்றால் அது அனுபவசாலியின் ஆலோசனை. நாம் சொன்னால் நச்சரிப்பு. இந்த வித்தியாசத்தை உடலியல் விளக்காது, வரலாறுதான் விளக்கும்.

வண்டியின் வரலாற்றில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் பின்னிருக்கை. ஐரோப்பாவில் உயர்குடிப் பெண்கள் குதிரையில் இரண்டு கால்களையும் ஒரே பக்கம் போட்டு உட்கார வேண்டியிருந்தது. நம் ஊரில் புடவை கட்டிய பெண் ஸ்கூட்டரின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தவளுக்குச் சாலையின் ஒரு பக்கம்தான் தெரியும். கால்களால் வண்டியைப் பற்றிக்கொள்ளவும் முடியாது. சட்டமும் அவளை அங்கேயே வைத்துப் பார்த்தது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை வேண்டும் என்கிறது. நாம் சாரி கார்டு என்று சொல்வது இதைத்தான். தேவையான பாதுகாப்புதான். ஆனால் தலை என்று வந்தபோது இந்த அக்கறை காணாமல் போனது. டெல்லியில் 2014 வரை பெண்களுக்கு ஹெல்மெட் கட்டாயமாக இல்லை. புடவையைக் காக்க விதி இருந்தது, மண்டையைக் காக்க விலக்கு இருந்தது.

பெண்களுக்கு ஓட்ட வராது என்பதற்கும் வரலாற்றில் ஆதாரம் இல்லை. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் நூறு கிலோமீட்டருக்கு மேல் மோட்டார் வண்டியை எடுத்துச் சென்றவர் பெர்த்தா பென்ஸ். உடன் வந்தவர்கள் அவருடைய இரண்டு மகன்கள். வழியில் பிரேக் கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்து வாங்கிக்கொண்டார். வண்டிக்கான காப்புரிமையோ கணவர் கார்ல் பென்ஸின் பெயரில் இருந்தது.

1915இல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எஃபி ஹாட்ச்கிஸ் ஹார்லி டேவிட்சன் ஓட்டிச் சென்றார். பக்கவாட்டுப் பெட்டியில் உட்கார்ந்து வந்தவர் அவருடைய தாய் ஏவிஸ். மகள் ஓட்ட, தாய் பயணி. அடுத்த ஆண்டு அகஸ்டா, அடலின் என்ற வான் பியூரன் சகோதரிகள் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தார்கள். ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் வேலைக்குப் பெண்களும் தகுதியானவர்கள் என்று காட்டுவதே அவர்களுடைய நோக்கம். வழியில் ஆண் உடை அணிந்ததற்காகக் கைது செய்யப்பட்டார்கள். பயணத்தை முடித்தும் ராணுவம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து கிளம்பிய தெரசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளெங்கிரன் இருவரும் சகாராவைத் தாண்டி 1935இல் கேப்டவுன் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது வாலக் பிரிட்டிஷ் ராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு சென்றார். வான் பியூரன் சகோதரிகளுக்குக் கிடைக்காத வேலை அது.

பயணியாக உட்கார்ந்தவள் சும்மாவும் இருக்கவில்லை. அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் நியூயார்க்கில் குளிர்காலத்தில் டிராமில் போனபோது, பனி படிந்த கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாமல் ஓட்டுநர் திண்டாடுவதைக் கவனித்தார். கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு 1903இல் காப்புரிமை பெற்றார். அதை வாங்க நிறுவனங்கள் முன்வரவில்லை. பிறகு வைப்பர் இல்லாத காரே இல்லை என்றானபோதும் அவருக்குப் பணம் எதுவும் வரவில்லை. "சும்மா உட்கார்ந்து வா" என்று நமக்குச் சொல்கிறவர்கள் மழையில் நம்பி ஓட்டுவது, சும்மா உட்காராத ஒரு பயணியின் யோசனையை.

ஒரு நாடே பெண்களைப் பயணிகளாக மட்டும் வைத்திருந்த காலமும் உண்டு. சவூதி அரேபியாவில் 1990 நவம்பர் 6 அன்று 47 பெண்கள் ரியாத் தெருக்களில் கார் ஓட்டிப் போராடினார்கள். சட்டப்படி ஓட்ட அனுமதி கிடைத்தது 2018 ஜூன் 24 அன்று. இடையில் கடந்தவை 27 ஆண்டுகளுக்கும் மேல். மருத்துவமனைக்கோ வேலைக்கோ போக, அங்கே ஒரு பெண் யாரோ ஓர் ஆணின் கையில் தன் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் இந்தக் கதையின் முக்கியமான அத்தியாயம் புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். 1992 மகளிர் தினத்தில் 1500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். குவாரிகளிலும் வயல்களிலும் வேலை செய்த பெண்கள் தண்ணீர் எடுக்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு விடவும் சைக்கிள் மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது, நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். கேலிப் பேச்சு வந்தது, அதையும் தாண்டிப் போனார்கள்.

1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, இரண்டு பேர் போகக்கூடிய மொபெட். 1984இல் கியர் மாற்றத் தேவையில்லாத கைனடிக் ஹோண்டா வந்தது. 1990களில் ஸ்கூட்டி வந்தது. ஆசிரியைகள், நர்சுகள், வங்கி ஊழியர்கள் என்று வண்டிச் சாவி பெண்களின் கைப்பைக்குள் போனது. 2018 பிப்ரவரி 24 அன்று வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது.

ஆனால் வீட்டுக்குக் கார் வந்ததும் பல குடும்பங்களில் பழைய ஒழுங்கு திரும்பிவிட்டது. வார நாட்களில் ஸ்கூட்டரில் நகரத்தையே சுற்றுகிறவள், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகும்போது பயணியாகிறாள். ஸ்டியரிங் அவருடையது. சாலையைப் படிக்கத் தெரிந்த ஒருத்தியிடம், தெரியாதவள் போல நடந்துகொள்ளச் சொல்கிறோம். தவிப்பு வராமல் என்ன செய்யும்?

அந்த இருக்கையும் அவள் உடலை நினைத்துச் செய்யப்படவில்லை. மோதல் சோதனைகளில் நெடுங்காலம் நடுத்தர உயரமுள்ள ஆணின் பொம்மைதான் அளவுகோல். அமெரிக்காவின் நட்சத்திர மதிப்பீட்டில் 2011 மாடல் கார்களிலிருந்து நேருக்கு நேர் மோதும் சோதனையில் சிறிய உருவமுள்ள பெண் பொம்மையை வைத்தார்கள். எங்கே? பயணி இருக்கையில். ஓட்டுநர் இருக்கையில் ஆண் பொம்மை. அதே 2011இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சீட் பெல்ட் போட்ட ஓட்டுநர்களில் பெண்களுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 47 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். சராசரிப் பெண் உடலை வைத்துச் செய்த மோதல் பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழுவினர் காட்டியது 2022இல்.

காரில் வரும் ஒவ்வொரு பதற்றமும் சரியான கணிப்பு என்று சொல்லவில்லை. நம் ஊர்க் காரில் ஓட்டுநர் வலப்பக்கம், பயணி இடப்பக்கம். வண்டி ஓட்டும்போது நாம் நிற்கும் இடத்தைவிடச் சாலை ஓரத்துக்கு நெருக்கமாக உட்காருவதால், நிறுத்தி வைத்த வண்டிகளை உரசப்போவது போலத் தோன்றும். பழகாத கோணம் அது. அதைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். ஆனால் முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போவது, போனைப் பார்த்தபடி ஓட்டுவது, வளைவில் முந்துவது ஆகியவற்றைக் கண்டு வரும் பயம் கோணத்தால் வருவதல்ல. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிச் சேர்த்த அறிவு அது.

ஆகவே தோழிகளே, "இடைவெளி விடுங்க", "போனை வச்சிட்டு ஓட்டுங்க" என்று தயங்காமல் சொல்லுவோம். பின்சீட்டிலும் பெல்ட் போடுவோம், விதியும் அதைத்தான் கேட்கிறது. கேட்காதவர் ஓட்டினால் இறங்கிக்கொள்ளும் உரிமையும் நமக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கார் ஓட்டக் கற்றுக்கொள்வோம். வீட்டில் இருக்கும் காரின் சாவியை நாமும் எடுப்போம், அவர்களும் ஒருநாள் பயணியாக உட்காரட்டும். வேகத்தைக் குறைக்கச் சொன்னால் குறைப்பது எவ்வளவு எளிது என்று அன்று நாம் காட்டலாம்.