முலாமும் தகரமும்: மலையகம் கண்ட இரு பூச்சுகள்

இலங்கைத் தேயிலையின் வரலாற்றை எழுதுவோர், 1867 ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட 19 ஏக்கரிலிருந்து தொடங்குவது வழக்கம். அத்தேநீர் பரிமாறப்பட்ட வெள்ளிக் கலத்தின் கதையையும், கொழுந்து கொய்தோரின் தலைக்கு மேலிருந்த தகரத்தின் கதையையும் சேர்த்துப் பார்ப்பது அரிது. இரண்டுமே உலோகத்தின்மீது உலோகம் பூசும் கலையின் பிள்ளைகள்.

முதலில் வெள்ளி. பாதரசத்தில் பொன்னைக் கரைத்துப் பூசி, பின்னர் நெருப்பில் வாட்டுவதே பழைய முலாம் முறை. அதன் நச்சுப்புகை தொழிலாளரின் உடலைக் கெடுத்தது. 1805 இல் இத்தாலியரான புருக்னாத்தெல்லி, வோல்ட்டாவின் மின்கலத்தைக் கொண்டு வெள்ளிப் பதக்கங்களுக்குப் பொன்முலாம் இட்டார். இதனைப் பெருந்தொழிலாக்கியவர்கள் பர்மிங்காம் நகரின் எல்கிங்டன் குடும்பத்தினர். பொட்டாசியம் சயனைட்டுக் கரைசலில் முலாம் சீராகப் படிவதை ஜோன் ரைட் என்ற வைத்தியர் கண்டறிய, 1840 இல் அவர்கள் காப்புரிமை பெற்றனர். கரைசலில் ஒரு புறம் வெள்ளித் தகடு, மறுபுறம் பாத்திரம்; மின்னோட்டம் செல்லும்போது தகட்டு வெள்ளி கரைந்து பாத்திரத்தில் படிகிறது. செம்பு, நிக்கல், நாகம் கலந்த மலிவான உலோகம் வெள்ளியாகக் காட்சியளித்தது. ஈ.பி.என்.எஸ். என்று முத்திரையிட்ட இக்கலங்களே துரைமார் பங்களாக்களின் மேசைகளை அலங்கரித்தன.

இனித் தகரம். 1829 இல் ஹென்றி பாமர் நெளிதகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1837 இல் பிரான்சின் ஸ்தனிஸ்லாஸ் சொரெல், உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்க்கும் முறையை வகுத்தார். தோய்ப்பதற்கு மின்சாரம் தேவையில்லை. எனினும் மின் ஆய்வாளர் கல்வானியின் பெயரே அதற்கு வாய்த்தது. அது முற்றிலும் பொருந்தாப் பெயருமன்று. மழைநீர் படும்போது நாகமும் இரும்பும் ஒரு சிறு மின்கலம் போலாகி, நாகமே முதலில் அரிபடுகிறது, இரும்பு தப்புகிறது. வெள்ளி முலாமோ இதற்கு நேர்மாறு. அது தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள உலோகத்தைக் காப்பதில்லை.

கப்பலிலும் வண்டியிலும் ஏற்றுவதற்கு எளிதான இத்தகரமே மலையக லயங்களின் கூரையாயிற்று. இராகலை, உடப்புசல்லாவ, ஹைபொரஸ்ட் என வலப்பனைப் பகுதித் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. வடகீழ்ப் பருவமழையை நேராக ஏற்கும் மலைகள் இவை. 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் ஒரு குடும்பம். மழை கொட்டினால் பேச்சும் கேளாது.

நாகத்தின் தியாகத்திற்கு ஓர் எல்லை உண்டு. பூச்சு தீர்ந்தபின் இரும்பு துருவேறும். தகட்டை மாற்றியே ஆகவேண்டும். மாற்றவேண்டியவர் யார் என்பதே மலையகத்தின் பழைய வழக்கு. லயம் தோட்டத்திற்குச் சொந்தம், குடியிருப்பவருக்கன்று. 1972 லும் 1975 லும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. உரிமை கைமாறிய ஒவ்வொரு முறையும் கூரையின் பொறுப்பும் கைமாறியது. ஒழுகலைத் தடுக்கப் பழைய தகரத்தின்மேல் கல்லும் பொலித்தீனும் வைத்துச் சமாளித்தவர்கள் தொழிலாளர்களே.

பங்களாவின் வெள்ளிக் கலங்கள் இன்று பழம்பொருளாக மதிப்புப் பெறுகின்றன. துருவேறிய தகரத்திற்கு அந்த மதிப்பில்லை. அதன் கீழே இன்னும் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. காணியுரிமையும் வீட்டுரிமையும் அவர்களுடையதாகும் வரை, அக்கூரையை நிலையாகக் காக்கும் பூச்சு எதுவுமில்லை.