வலது கையும் இடது கையும்

மதுரைப் பக்கம் ஏதாவது ஒரு சின்னக் கோயிலுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். டியூப்லைட்டில் 'உபயம்' என்று போட்டு, குடும்பத்தார் பெயரெல்லாம் பெயிண்டில் எழுதியிருக்கும். வெளிச்சத்தை விட எழுத்துதான் அதிகமாக இருக்கும். சர்ச்சும் இதுக்கு விதிவிலக்கு இல்லை. பெஞ்சு, ஃபேன், சுவர்க் கடிகாரம் என்று எல்லாவற்றிலும் 'அன்பளிப்பு'தான்.

இதில் ஒரு வேடிக்கை. சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று, வலது கை செய்யும் தர்மம் இடது கைக்குத் தெரியக்கூடாது என்பது. மத்தேயு 6ஆம் அதிகாரம். பிள்ளை கீழே உட்கார்ந்து அந்த வசனத்தை ஒப்பிக்கும், தலைக்கு மேலே ஃபேனில் யாரோ ஒரு தாத்தா பெயர் சுற்றிக்கொண்டிருக்கும் :-) இரண்டில் எது மனசில் தங்கும்?

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த சிக்கல் இல்லை. மதுரைக்கு இதில் கிட்டத்தட்ட இருநூறு வருஷக் கதை இருக்கிறது.

அமெரிக்கன் மிஷன் மதுரைக்கு வந்தது 1834ல். நேராக அமெரிக்காவிலிருந்து வரவில்லை, யாழ்ப்பாணம் வழியாக வந்தது. அங்கே வட்டுக்கோட்டையில் 1823லேயே ஒரு செமினரி தொடங்கி நடத்திக்கொண்டிருந்தார்கள். அதன் தலைவராக இருந்த டேனியல் பூவர், 1830களின் நடுவில் மதுரைக்கு வந்து ஊர் முழுக்கப் பள்ளிக்கூடங்கள் திறந்தார். அமெரிக்கன் கல்லூரி நூலகத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

யாழ்ப்பாணத்தில் அந்தப் பள்ளிகளுக்குப் பணம் எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் ஒரு பையனின் செலவை ஏற்றுக்கொள்வார். பதிலுக்கு, அவர் விரும்பும் பெயரை அந்தப் பையனுக்கு வைப்பார்கள். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை, 'ஆர்னல்ட்' சதாசிவம்பிள்ளை ஆனார். 'நியாய இலக்கணம்' எழுதிய சிதம்பரப்பிள்ளைக்கு முன்னால் 'நெவின்ஸ்' ஒட்டிக்கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான விசுவநாதபிள்ளை 'கறல்' விசுவநாதபிள்ளை. அதாவது நாம் டியூப்லைட்டில் எழுதும் உபயத்தை, அவர்கள் மனுஷன் மேலேயே எழுதிவிட்டார்கள்!

ஆனால் அந்தப் படிப்பு பொய்யில்லை. மேலே சொன்ன மூவரும் தமிழுக்கு என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரியும். கொடுத்தவர்கள் பெயர் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பணம் வந்திருக்குமா? இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

அடுத்தது டாக்டர் ஜான் ஸ்கடர். 1819ல் இலங்கைக்குக் கிளம்பி வந்த மருத்துவ மிஷனரி, பிறகு சென்னையில் வேலை செய்தவர். 1842லிருந்து 1846 வரை அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது அவர் முக்கியமாகப் பேசியது பெரியவர்களிடம் இல்லை, குழந்தைகளிடம். மிட்டாய்க் காசைச் சேர்த்து மிஷனுக்குக் கொடுங்கள், வளர்ந்ததும் நீங்களே கிளம்பி வாருங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். திரும்பி வந்ததும் 1847லிருந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் மதுரையில்தான் வைத்தியம் பார்த்தார். 1849ல் குழந்தைகளுக்காக அவர் எழுதிய ஒரு புத்தகம் அமெரிக்காவில் வெளியானது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'அஞ்ஞானிகளைப் பற்றிச் சின்ன வாசகர்களுக்குக் கதைகள்'. அஞ்ஞானிகள் யார்? நம்ம பாட்டன் பூட்டன்கள்தான்.

எனக்கு நெருடுவது இந்த இடம்தான். தன் மிட்டாய்க் காசைக் கொடுத்த அந்த அமெரிக்கக் குழந்தை உண்மையாகவே தியாகம் செய்தது. அதன் பெயரும் எங்கேயும் பொறிக்கப்படவில்லை. வலது கை, இடது கை கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் கூடவே, 'நான் மேலே இருக்கிறேன், அவன் கீழே இருக்கிறான்' என்பதையும் அது கற்றுக்கொண்டது. பெயரை மறைத்துவிட்டால் மட்டும் பணிவு வந்துவிடாது. வாங்குகிறவனை எந்த உயரத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

இதற்குப் பதில் மாதிரி ஒரு விஷயம் மதுரையிலேயே நடந்தது. அந்தப் புத்தகம் வந்து ஐம்பது வருஷம்கூட ஆகவில்லை. டாக்டர் வான் ஆலன் இங்கே அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டிடம் எழுப்பினார். திறந்தது 1897ல். அந்தக் கட்டிடத்துக்கான பணத்தில் பெரும்பகுதி கொடுத்தவர்கள் உள்ளூர் இந்து தனவந்தர்கள். எந்த 'அஞ்ஞானிகளுக்கு' அமெரிக்கக் குழந்தைகள் காசு சேர்த்தார்களோ, அவர்களே கிறிஸ்தவ ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பவர்கள் ஆகிவிட்டார்கள். கீழவெளி வீதியில் இன்றைக்கும் இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி. கொடுக்கிற கை எந்தப் பக்கம் இருக்கும் என்று யாரும் நிரந்தரமாகச் சொல்ல முடியாது, இல்லையா?

ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய சி.எம்.சி.யின் குறிக்கோள் வாசகமும் இதையே சொல்கிறது: ஊழியம் கொள்வதற்கு அல்ல, ஊழியம் செய்வதற்கு. ஆனால் அங்கேயும் 1902ல் எழுந்த முதல் ஆஸ்பத்திரிக்கு, பணம் கொடுத்தவருடைய மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல்லின் பெயர்தான் வைத்தார்கள். பெயரும் பணிவும் எப்பவுமே இப்படிப் பக்கத்துப் பக்கத்தில்தான் நடந்து வந்திருக்கின்றன.

அப்ப பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது? என்னைக் கேட்டால் பிடியரிசி என்பேன். உலை வைக்கும் முன்னால் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து ஒரு பானையில் போட்டு வைப்பார்கள். சேர்ந்ததைக் காணிக்கையாகக் கொண்டுபோவார்கள். இது நம்மூர் சபைகளிலும் உண்டு. மிசோரம் சர்ச்சுகளில் இதே வழக்கம் 1910லிருந்து இருக்கிறது, 'புஃபாய் தாம்' என்பார்கள். காஞ்சிப் பெரியவர் இதே பிடியரிசித் திட்டத்தை இந்துக் குடும்பங்களிடம் கொண்டுபோனார். ஆக, எந்த மதத்துக்கும் இது தனிச் சொத்து இல்லை.

பிடியரிசியில் எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, எல்லார் வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் கொட்டிய பிறகு எது யாருடையது என்று சொல்லவே முடியாது. பொன்னியும் ரேஷன் அரிசியும் ஒன்றாகக் கலந்துவிடும். உபயம் எழுத இடமே கிடையாது. இரண்டு, அது மிச்சம் இல்லை. தன் வீட்டுச் சோற்றிலிருந்து எடுத்தது. இயேசு பாராட்டிய அந்த ஏழை விதவையின் இரண்டு காசு மாதிரி. கொடுக்கிறவரும் அதே அரிசியைத்தான் சாப்பிடுகிறார், வாங்குகிறவரும் அதையேதான் சாப்பிடப் போகிறார். இங்கே மேலே யார், கீழே யார்?

பெரியவர்கள் கல்வெட்டு வைத்துக்கொள்ளட்டும், அதனால் ஆஸ்பத்திரி கட்டமுடியும் என்றால் நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் கையில் முதலில் உண்டியல் ரசீதைக் கொடுக்க வேண்டாம். தினமும் அந்த ஒரு பிடியை அவர்களே அளந்து போடட்டும். பிடி கொஞ்சம் சிறுசாகத்தான் இருக்கும். பரவாயில்லை.