வேலை முடிந்த பின் ஒரு வகுப்பு: தோட்டமும் வாட்டர்கலரும்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. அம்மாவுக்கு வயது 47. பக்கத்துத் தெருவில் சனிக்கிழமைதோறும் நடக்கிற வாட்டர்கலர் வகுப்பில் சேரப் போகிறேன் என்றாள். "இந்த வயசுல படம் வரைஞ்சு என்ன பண்ணப் போற?" என்று அப்பா கேட்டார். அதாவது பரவாயில்லை. பி.காம். படிக்கிற நானும் என் பங்குக்கு, "ஃபீஸ் கட்டினா ரிட்டர்ன் என்னம்மா?" என்று கேட்டு வைத்தேன். அம்மா பதில் சொல்லவில்லை. எழுந்து போய் குக்கரை அடுப்பில் வைத்தாள்.

அந்தக் கேள்வி அப்புறம் என்னையே உறுத்திக்கொண்டிருந்தது. வேலைக்குப் போன பிறகு, கல்யாணம் ஆன பிறகு, படிக்கிற வயது போய்விட்டது என்று ஊர் சொன்ன பிறகு படித்தவர்களுக்கு உண்மையில் என்ன கிடைத்தது? தேடிப் படித்ததில் தோட்டக் கலையும் வாட்டர்கலரும் கைகோத்து வருகிற ஒரு நல்ல கதை கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வியாபாரத்தில் தோற்றவர்

முதல் ஆள் நம்ம துறைக்காரர்! ஹம்ஃப்ரி ரெப்டன், 1752இல் இங்கிலாந்தில் பிறந்தவர். மகன் வியாபாரியாக வேண்டும் என்று அப்பா அவரை 12 வயதிலேயே ஹாலந்துக்கு அனுப்பினார். திரும்பி வந்து ஜவுளி வியாபாரம் கற்றுக்கொண்டு தொழில் தொடங்கினார் ரெப்டன். ஓடவில்லை. கையிருப்பும் கரைந்தது. அவருக்கு நன்றாக வந்த ஒரே விஷயம், பொழுதுபோக்காகப் பழகிய வாட்டர்கலர் ஓவியம்தான்.

அந்தக் காலத்தின் பெரிய தோட்ட வடிவமைப்பாளர் 'கேப்பபிலிட்டி' பிரவுன் 1783இல் இறந்துபோயிருந்தார். அந்த இடம் காலியாக இருப்பதை ரெப்டன் பார்த்தார். 1788இல், 36ஆவது வயதில், 'லேண்ட்ஸ்கேப் கார்டனர்' என்று விசிட்டிங் கார்டு அச்சடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் செய்த தந்திரம் அழகானது. பணக்காரரின் நிலத்தைச் சுற்றிப் பார்ப்பார். இப்போது இருக்கிறபடி ஒரு வாட்டர்கலர் படம் வரைவார். அதில் ஒரு பகுதி தனிக் காகிதமாக ஒட்டியிருக்கும். அந்த மடிப்பைத் தூக்கினால், மாற்றம் செய்த பிறகு அதே இடம் எப்படி இருக்கும் என்பது அடியில் தெரியும். இங்கே ஒரு ஏரி, அங்கே இருந்த வேலியைக் காணோம், தூரத்தில் ஒரு மரத்தோப்பு! இந்தப் படங்களையும் விளக்கத்தையும் சிவப்புத் தோலில் பைண்ட் செய்து கொடுப்பார். 'ரெட் புக்' என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது.

பிரவுன் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்து முடித்துக் கொடுத்தவர். ரெப்டன் பெரும்பாலும் யோசனைக்கு மட்டும் கட்டணம் வாங்கினார், இன்றைய கன்சல்டன்ட் மாதிரி. ஜேன் ஆஸ்டின் 1814இல் வெளியிட்ட 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் அவர் பெயரும் அவருடைய நாள் கட்டணம் ஐந்து கினி என்பதும் பேச்சில் வரும். அவ்வளவு பிரபலம்.

வாட்டர்கலர் ஏன் இந்தத் தொழிலுக்கு இவ்வளவு பொருந்தியது? பென்சில் கோட்டின் மேல் பூசினாலும் கோடு தெரியும். சீக்கிரம் காயும். ஒரு சின்னப் பெட்டியும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் போதும், நிலத்திலேயே உட்கார்ந்து வரையலாம். எண்ணெய் வர்ணத்தில் இந்த வசதி கிடையாது.

வியாழக்கிழமை மாலைகள்

ரெப்டன் தானாகக் கற்றுக்கொண்டார். பகல் முழுக்க உழைக்கிறவனுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? 1854இல் லண்டனில் எஃப். டி. மாரிஸும் அவர் நண்பர்களும் 'வொர்க்கிங் மென்ஸ் காலேஜ்' என்ற பெயரில் ஒரு மாலைக் கல்லூரி தொடங்கினார்கள். தச்சர்கள், குமாஸ்தாக்கள், அச்சுக் கோப்பவர்கள் வேலை முடித்துவிட்டு வந்து படித்தார்கள். அங்கே வியாழக்கிழமை மாலைகளில் ஓவியம் சொல்லிக் கொடுத்தவர் யார் தெரியுமா? ஜான் ரஸ்கின்! அன்றைய இங்கிலாந்தின் முன்னணிக் கலை விமர்சகர். அங்கே கற்பித்த அனுபவத்தோடு அவர் எழுதிய 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் டிராயிங்' 1857இல் வெளிவந்தது.

தச்சனை ஓவியனாக்குவது தன் நோக்கம் இல்லை, தச்சனாகவே அவன் இன்னும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று ரஸ்கின் விளக்கியிருக்கிறார். இதைப் படித்ததும் அம்மாவிடம் நான் கேட்ட 'ரிட்டர்ன்' ஞாபகம் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், ரிட்டர்னும் வந்தது. அந்த வகுப்புக்கு வந்த ஜார்ஜ் ஆலன் ஒரு மரவேலைக்காரர். ரஸ்கினுக்கு உதவியாளராகி, செதுக்கு ஓவியராகி, 1871இல் ரஸ்கினின் புத்தகங்களை வெளியிடத் தொடங்கினார். அந்தப் பதிப்பகம்தான் பின்னால் 'ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின்' ஆகி, 1937இல் டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலை வெளியிட்டது. வில்லியம் வார்டு என்ற குமாஸ்தா, டர்னரின் வாட்டர்கலர் ஓவியங்களைப் பிரதி எடுப்பதில் தேர்ந்தவர் ஆனார். மற்றவர்கள்? தச்சர்களாகவும் குமாஸ்தாக்களாகவுமே இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர்கள் வரலாற்றில் இல்லை. ஆனால் பகல் வேலைக்குப் பிறகு லண்டன் குளிரில் நடந்து வந்து ஓர் இலையை ஒழுங்காகப் பார்த்து வரைந்தார்களே, அது நஷ்டக் கணக்கா?

பக்கத்து அறையில் ஒரு கல்லூரி

கல்லூரியின் பெயரைக் கவனித்தீர்களா? 'மென்'. உழைக்கும் பெண்களுக்குத் தனியாக ஒரு கல்லூரி லண்டனில் வந்தது 1864இல்தான்.

அமெரிக்காவிலும் இதே கதை. நிலத்தோட்ட வடிவமைப்புக்கு அந்த நாட்டின் முதல் பல்கலைக்கழகப் படிப்பை 1900இல் ஹார்வர்டு தொடங்கியது. பெண்களுக்கு இடம் இல்லை. 1901இல் ஜூடித் மோட்லி லோ என்பவர் மாசசூசெட்ஸின் குரோட்டன் ஊரில் பெண்களுக்காக 'லோதார்ப்' என்ற பள்ளியை ஆரம்பித்தார்.

1915இல் பெண் பட்டதாரி ஒருவர் இந்தத் துறையைப் படிக்க விரும்பி ஹார்வர்டை அணுகினார். சேர்க்க முடியாது என்றார்கள். ஹென்றி ஃப்ராஸ்ட் என்ற இளம் ஆசிரியர் அவருக்குத் தனியாகப் பாடம் எடுத்தார். கிட்டத்தட்ட டியூஷன்தான்! பிரெமர் பாண்டு என்ற இன்னொரு ஆசிரியரும் சேர்ந்துகொண்டார். விஷயம் தெரிந்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். ஒரு அலுவலக அறையில் தொடங்கிய அந்த டியூஷன் 'கேம்பிரிட்ஜ் ஸ்கூல்' என்ற பள்ளியாக வளர்ந்தது.

கட்டடக் கலையையும் தோட்டக் கலையையும் அங்கே ஒன்றாகக் கற்பித்தார்கள். ஹார்வர்டு இந்த இரண்டையும் நகரத் திட்டமிடலையும் ஒரே பள்ளியின் கீழ் கொண்டுவந்தது 1936இல்தான். பின்வாசல் பள்ளி முன்வாசலைவிட முன்னால் போயிருக்கிறது பாருங்கள். அங்கே படித்த எலினார் ரேமண்ட் 1948இல் சூரிய வெப்பத்தால் சூடேற்றப்படும் வீடு ஒன்றை டோவரில் வடிவமைத்தார்.

ஆனால் இத்தனை வேலை செய்த பள்ளியால் ரொம்ப காலம் பட்டம் கொடுக்க முடியவில்லை. சான்றிதழ் மட்டும்தான். 1930களில் ஸ்மித் கல்லூரியோடு இணைந்த பிறகே பட்டம் வந்தது. 1942இல் பணமில்லாமல் பள்ளி மூடப்பட்டது. அதே ஆண்டில் போர் காரணமாக ஆண் மாணவர்கள் குறைந்துபோக, ஹார்வர்டு தன் வடிவமைப்புப் பள்ளியின் கதவைப் பெண்களுக்குத் திறந்தது. 27 வருடம் பக்கத்து அறையில் உட்கார்ந்து, தகுதி உண்டு என்று நிரூபித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கதவைத் திறந்தது அந்தத் தகுதி அல்ல, காலி பெஞ்சுகள்! இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

என் கணக்கு

அக்கவுண்டன்சியில் செலவை இரண்டாகப் பிரிக்கச் சொல்லித் தருவார்கள். இந்த வருடத்தோடு தீர்ந்து போவது வருவாய்ச் செலவு. பல வருடம் பலன் தருவது மூலதனச் செலவு. அம்மாவின் வகுப்புக் கட்டணத்தை நான் முதல் தலைப்பில் எழுதிவிட்டேன். ரெப்டன் தன் பொழுதுபோக்கை எந்தத் தலைப்பில் எழுதியிருப்பார்? கடை நொடிக்கும் வரைக்கும் அவருக்கும் தெரிந்திருக்காது.

எல்லோருக்கும் அது பிழைப்பாக மாறும் என்று சொல்ல வரவில்லை. ரஸ்கின் வகுப்பில் பெரும்பாலானவர்களுக்கு மாறவில்லை. மாறாவிட்டாலும் அந்த மாலை நேரம் அவர்களுடையது. அதற்கு ரிட்டர்ன் கேட்க எனக்கு என்ன உரிமை? 20 வருடமாக என் படிப்புக்கு ஃபீஸ் கட்டிய அம்மா ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லையே.

அம்மா சேர்ந்துவிட்டாள். முதல் மாதக் கட்டணம் என் பாக்கெட் மணியிலிருந்து. கொல்லைப்புற முருங்கை மரத்தை வரைந்து கொண்டுவந்து காட்டினாள். தண்ணீர் அதிகமாகி, பச்சை வானம் வரைக்கும் ஓடியிருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அந்தக் கிளை நிஜமாவே அப்படித்தான் வளைஞ்சிருக்கு, நான் கவனிச்சதே இல்ல" என்றார்.