பழைய பேப்பர் கடைக்குப் போகும் வரலாறு

பழைய அரசாங்க ரிப்போர்ட்டுகளையும் கையெழுத்துக் கட்டுகளையும் தேடி வாங்குவதைப் பார்த்து நண்பர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எல்லாம் நெட்டில் பிடிஎஃப் ஆகவே கிடைக்குதே, அப்புறம் எதுக்குப்பா இந்தக் குப்பை?" நியாயமான கேள்வி. பதிலை எங்க ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரமணாசிரமத்திலிருந்து செங்கம் ரோட்டில் டவுன் பக்கம் நடந்தால் சுமார் அரை மணி நேரத்தில் அண்ணாமலையார் கோயில். சோழர், காடவராயன் கோப்பெருஞ்சிங்கன், ஹொய்சள வல்லாளன், விஜயநகர அரசர்கள் என்று பல காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உண்டு. அவற்றில் ஒரு பெரும் பகுதி 1937இல் அச்சான 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' எட்டாம் தொகுதியில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு கிடையாது, விளக்கம் கிடையாது. எழுத்து மட்டும். ஆனால் ஒவ்வொரு கல்வெட்டின் தலைப்பிலும் ஒரு குறிப்பு: எந்தப் பிராகாரம், எந்தச் சுவர், எந்தப் பக்கம். மென்பொருள்காரர்கள் பாஷையில் சொன்னால் மெட்டாடேட்டா.

அந்த ஒற்றை வரிதான் உயிர். பல ஊர்களில் திருப்பணி என்று மணல் வீச்சு இயந்திரத்தை வைத்துச் சுவரைச் சுத்தம் செய்ததில் எழுத்துகள் மழுங்கிவிட்டன. கல்லே போனபிறகு மிச்சம் இருப்பது இரண்டுதான். ஒன்று, அந்த நாளில் ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுத்த மைப்படி. இன்னொன்று, அந்த ரிப்போர்ட். எந்தச் சுவர் என்ற குறிப்பு இல்லாவிட்டால் இரண்டும் அனாதைதான். நிலம் கொடுத்தவன் பெயர் தெரியும், எந்தச் சந்நிதிக்குக் கொடுத்தான் என்று தெரியாது.

இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் கற்றுக்கொடுப்பது காலின் மெக்கன்சியின் கதை. 1783இல் சென்னைக்கு வந்தவர், 1815இல் இந்தியாவின் சர்வேயர் ஜெனரல் ஆனார். நிலம் அளக்கப் போன இடத்திலெல்லாம் சுவடி, கைபீது, கல்வெட்டுப் படி, நாணயம், ஓவியம் என்று சேர்த்தார். உண்மையில் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவர்கள் காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா போன்ற உள்ளூர் உதவியாளர்கள். எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், யார் தர மறுத்தார்கள் என்றெல்லாம் அவருக்கு அறிக்கை எழுதி அனுப்பினார்கள். 1821இல் அவர் இறந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனி அவர் மனைவியிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு எல்லாவற்றையும் வாங்கியது. 1828இல் வில்சன் போட்ட அட்டவணையில் கல்வெட்டுப் படிகள் மட்டும் 8,076, நாணயங்கள் 6,218.

அப்புறம் நடந்ததுதான் சோகம். சேகரிப்பு பிரிந்தது. ஒரு பகுதி லண்டனுக்குப் போனது, தென்னிந்திய மொழிச் சுவடிகள் சென்னைக்கு வந்தன, இன்றைக்கு அவை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. ஓவியங்கள் லண்டனில். ஒரே ஊரில் ஒரே பயணத்தில் எடுத்த சுவடி ஒரு கண்டத்தில், படம் இன்னொரு கண்டத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அலைகிறார்கள். பெரும் பகுதி அழியவில்லை, ஆனால் இணைப்பு அறுந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான கதை செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையாவுடையது. பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை, விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று சேர்த்தார். "நோட்டீஸை எல்லாம் யாராவது சேர்ப்பாங்களா?" என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டிருப்பார்கள். இன்றைக்குத் தமிழ் நாடக வரலாறு எழுதுகிறவர்களுக்கு அந்த நோட்டீஸ்தான் ஆதாரம். 1992இல் அவர் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, சுமார் ஒரு லட்சம் பொருட்கள். முக்கியமான விஷயம், அதைக் கப்பலேற்றவில்லை. சென்னையிலேயே நூலகமாக, ஒரே கூரையின் கீழ் வைத்தார்கள். மூர் மார்க்கெட் கட்டடம் 1985 தீயில் போய்விட்டது. அங்கிருந்து ஒருவர் தூக்கி வந்த காகிதம் இருக்கிறது.

கல்வெட்டு மைப்படிகளுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. அவை முன்பு ஊட்டி அலுவலகத்தில் இருந்தன, 1966இல் மைசூருக்குப் போயின. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஆக, நண்பர்களுக்கு என் பதில் இது. பிடிஎஃப் எழுத்தைக் காப்பாற்றும். மடித்து ஒட்டிய வரைபடத்தை விரிக்காமலே ஸ்கேன் செய்த பிரதிகள் ஏராளம். ஓரத்தில் பென்சிலால் எழுதிய திருத்தம், நூலக முத்திரை, நடுவில் செருகிய கடிதம், இதெல்லாம் அந்தந்தப் பிரதியில் மட்டும்தான் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது இருந்தால் எடைக்குப் போடும் முன் சிலதைச் செய்யுங்கள். கட்டைப் பிரிக்காதீங்க, எந்த வரிசையில் இருந்ததோ அப்படியே முதலில் போட்டோ எடுங்க. யார் வீடு, எந்த ஊர், எப்போது கிடைத்தது என்று தனித்தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்க. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. விற்கிற எண்ணம் இருந்தால் ஒன்று தெரிஞ்சுக்கோங்க: 75 வருஷத்துக்கு மேலான, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

தாத்தா பெயரும் ஊர் பெயரும் எழுதிய அந்தத் தனித்தாள் நமக்கு அஞ்சு நிமிஷ வேலை. அது இல்லாமல் போனால், பின்னால் வருகிற ஒருவருக்கு அது அஞ்சு வருஷ வேலை.