யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

2018 கோடையில் ஒரு நாள் காலை. கனமான லாரி ஏறி மெயின் குழாய் உடைந்துவிட்டதில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் இல்லை. குடத்தோடு வெளியே வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் நேராகத் தெருக்கோடி வீட்டுக்குத்தான் போனோம். அந்த வீட்டு அக்கா முன்னாள் கவுன்சிலர். பதவிக்காலம் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. கொண்டையை முடிந்துகொண்டே வாசலுக்கு வந்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “எனக்கு இப்ப சீலும் கெடையாது, லெட்டர் பேடும் கெடையாது. வாய் மட்டுந்தான் இருக்கு. அத வச்சி என்ன செய்ய முடியுமோ செய்யுதேன்” என்றார். தண்ணீர் திறந்துவிடுபவரின் எண் அவருடைய செல்போனில் இருந்தது. மத்தியானத்துக்குள் டேங்கர் வந்துவிட்டது.

பதவி இல்லாத ஒருவரின் கதவை நாங்கள் ஏன் தட்டினோம்? பதவியில் இருப்பவர் என்று எவருமே இல்லாததால். 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை திருநெல்வேலி மாநகராட்சியில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. நான் தமிழ் படித்தவள். நிர்வாக வரலாறு என் துறை அல்ல. ஆனாலும் அன்றைக்குப் பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. தண்ணீர், சாக்கடை, பிரசவம், தடுப்பூசி, பள்ளிக்கூடம், சுடுகாடு என்று ஓர் ஊரின் அன்றாடத்தை ஓர் அலுவலகம் நடத்துகிறது. அது ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்க்கும் கண் யாருடையது? அந்தக் கண்களில் பெண்களின் கண்கள் எப்போது சேர்ந்தன?

இந்த ஊரில் ஆற்றைக் கடக்கும்போதே இந்தக் கேள்வி தொடங்கிவிடும். நகராட்சி என்ற ஒன்று வருவதற்கு முன்பே, 1843இல், பாளையங்கோட்டையையும் திருநெல்வேலியையும் இணைத்துத் தாமிரபரணியின் குறுக்கே பாலம் எழுந்தது. தன் சொந்தப் பணத்தில் கட்டியவர் சுலோசன முதலியார். பாலத்துக்கு அவர் பெயர். அவர் மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதைக்குள் அந்த அம்மாள் இருக்கிறார், கல்வெட்டுக்கு வெளியே. இப்போது தினமும் அந்தப் பாலத்தின் மேல் கல்லூரிக்குப் போகும் பெண்களிடம் கேட்டால் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கிறது.

1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி 1866இல் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் தனித்தனி நகராட்சிகள் ஆயின. அந்தக் காலத்து நகராட்சி என்றால் சாலை, சாக்கடை, மண்ணெண்ணெய் விளக்கு, அம்மை குத்துதல், வரி. உட்கார்ந்து தீர்மானம் போட்டவர்கள் அதிகாரிகளும் சொத்துள்ள ஆண்களும். அதே ஊரில் அதே நூற்றாண்டில் மனிதர்களைக் கவனிக்கும் வேலை வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரால் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சி நடந்தது. 1890களில் அது கல்லூரியாகவும் வளர்ந்தது. ஆஸ்க்வித் என்ற மிஷனரிப் பெண் பார்வையற்றோருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கினார். அவர்களுக்கு மதம் பரப்பும் நோக்கம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. நகராட்சிக் கூட்டத்தில் நாற்காலி இல்லாத பெண்கள், நகராட்சி தன் வேலை என்றே நினைக்காத வேலையைச் செய்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை. குழாயும் கல்லும் ஆண்களின் பொறுப்பு. கண் தெரியாத பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தைத் தடவவைப்பது தர்மம், ஊழியம், தாய்மை. தமிழில் இதற்கு எத்தனை சொற்கள்! ‘நிர்வாகம்’ என்ற சொல்லை மட்டும் யாரும் இதற்குக் கொடுக்கவில்லை.

1908 மார்ச் 13 அன்று வ.உ.சி. கைதானதை எதிர்த்து நெல்லை கொந்தளித்தபோது, மக்கள் தீவைத்த கட்டடங்களில் நகராட்சி அலுவலகமும் ஒன்று. அது முற்றிலும் எரிந்துபோனது. வரி வாங்கும் அரசின் முகமாகத்தான் அது மக்களுக்குத் தெரிந்தது, தங்களுக்குச் செய்துதரும் இடமாக அல்ல.

அந்த முகம் மாறக்கூடும் என்பதற்குச் சென்னையில் ஒரு சாட்சி உண்டு. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவது தாயின் வேலை என்றிருந்த இடத்தில் அது மாநகராட்சியின் வேலையும்தான் என்று ஒரு மன்றம் எழுதிவைத்தது. அடுத்த ஆண்டு, 1921இல், சென்னை மாகாண சட்டமன்றம் சொத்துள்ள பெண்களுக்கு வாக்குரிமை தர முடிவெடுத்தது. சொத்து உள்ள பெண்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். என்றாலும் கதவு லேசாகத் திறந்தது.

பிறகு எழுபது ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டுகிறேன். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. கூடவே பன்னிரண்டாம் அட்டவணை என்று 18 பொறுப்புகளின் பட்டியலையும் தந்தது. மாணவிகளிடம் அந்தப் பட்டியலை நான் வாசிக்கச் சொல்வதுண்டு. குடிநீர், பொதுச் சுகாதாரம், குடிசைப் பகுதி மேம்பாடு, வறுமை ஒழிப்பு, பிறப்பு இறப்புப் பதிவு, இடுகாடு, மாட்டுத் தொழு எல்லாம் இருக்கும். மாற்றுத்திறனாளிகளை உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் நலமும் இருக்கும். ஆஸ்க்வித் செய்த வேலை ஊராட்சியின் பொறுப்பாக ஏட்டில் ஏற நூறு ஆண்டு ஆகியிருக்கிறது. கிராமப் பஞ்சாயத்துகளுக்கான பதினொன்றாம் அட்டவணையில் ‘மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு’ என்று தனியாக ஒன்று உண்டு. நகரத்துக்கான பட்டியலில் அது இல்லை. மாட்டுத் தொழு இருக்கிறது, மகளிர் இல்லை. முதன்முறை இதைக் கண்டுபிடித்த மாணவி, அச்சுப் பிழையாக இருக்கும் மேடம் என்றாள்.

1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் ஒன்றாக்கி மாநகராட்சி உருவானது. 55 வார்டுகள், நான்கு மண்டலங்கள். 1996இல் நடந்த தேர்தலில் இதன் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் உமா மகேஸ்வரி, தி.மு.க. அடுத்து 2001இல் ஜெயராணி, அ.தி.மு.க. 2006இலிருந்து ஐந்து ஆண்டு ஏ.எல். சுப்பிரமணியன். 2011இல் விஜிலா சத்தியானந்த். அவர் 2014இல் மாநிலங்களவைக்குப் போனதும் புவனேஸ்வரி. மன்றம் இருந்த 20 ஆண்டுகளில் 15 ஆண்டு மேயர் நாற்காலியில் பெண்கள். 2011 கணக்கெடுப்பில் இந்த நகரத்தில் 1000 ஆண்களுக்கு 1027 பெண்கள் என்று இருப்பதை நினைத்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நான் பதினாறு வயதுப் பெண்ணாக வாழ்ந்த ஊரில், மேயர் என்றால் சேலை கட்டியவர் என்றே என் மனதில் பதிந்தது. அது சின்ன விஷயமில்லை.

மேயருக்கு என்ன அதிகாரம் என்பது வேறு கதை. மாநகராட்சியை நடத்துவது ஆணையர், அரசு அதிகாரி. மாமன்றம் தீர்மானம் போடும், கணக்குக் கேட்கும். பொதுச் சுகாதாரக் குழு, கல்விக் குழு, பணிகள் குழு என்று குழுக்கள் உண்டு. கவுன்சிலருக்குக் கூட்டத்தில் எழுந்து, என் வார்டில் குப்பை வண்டி மூன்று நாளாக வரவில்லை, ஏன் என்று கேட்கும் உரிமை உண்டு. மேற்பார்வை என்று நான் சொல்வது இந்த ஒரு ‘ஏன்’ தான். இதற்கு இரண்டு பேர் வேண்டும்: செய்கிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர்.

கேட்கிறவர் பெண் என்றால் அவருக்குப் பின்னால் யார் என்று ஊர் கேட்கும். கவுன்சிலர் அக்காவின் பெயர்ப்பலகைக்குக் கீழே வீட்டுக்காரரின் செல்போன் எண்ணை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். “அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்” என்பது புகார் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு. கேலி செய்ய எளிது. ஆனால் அந்த அக்காக்கள் முதல் ஐந்தாண்டில் வீட்டுக்காரரோடு வந்து, இரண்டாம் முறை தனியாக வந்ததையும் பார்த்திருக்கிறேன். எங்கள் தெரு அக்காவும் அப்படித்தான். தண்ணீர் திறந்துவிடுபவரின் எண் அவர் செல்போனில் இருந்தது, வீட்டுக்காரர் செல்போனில் அல்ல.

2016இல் பெண்களுக்கான ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 50 விழுக்காடு ஆக்கியது. அக்டோபரில் தேர்தல் என்று அறிவிப்பு வந்தது. அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. இருந்த மன்றங்களின் காலமும் அந்த மாதமே முடிந்தது. பாதி நாற்காலி பெண்களுக்கு என்று சட்டம் சொன்ன அந்த ஆண்டிலேயே நாற்காலிகள் எல்லாம் காலியாயின. மாநகராட்சிகளில் ஆணையரே தனி அலுவலர் ஆனார். மாமன்றம் போட வேண்டிய தீர்மானத்தை அவரே போடுவார், அவரே நிறைவேற்றுவார். கேட்கிறவரும் செய்கிறவரும் ஒரே ஆள். அந்த அதிகாரிகள் பலர் நன்றாக உழைத்தார்கள், அதைக் குறை சொல்லவில்லை. நல்லவரிடமும் ‘ஏன்’ என்று கேட்க ஒருவர் வேண்டும். தனி அலுவலர்களின் காலம் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளைத் தாண்டியது.

அந்த ஆண்டுகளில்தான், 2017இல், நெல்லை ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்குத் தேர்வானது. ஊரின் நடுவில் இருந்த சந்திப்புப் பேருந்து நிலையம் இடிக்கப்பட்டது. பல ஆண்டுகள் பெண்கள் சாலையோரம் நின்று பேருந்து ஏறினார்கள். ஓர் ஊர் தன் பேருந்து நிலையத்தை இடிக்கும்போது, கட்டி முடிக்கும்வரை பெண்கள் எங்கே சிறுநீர் கழிப்பார்கள் என்று எழுந்து கேட்க 55 வார்டுகளில் ஒரு கவுன்சிலரும் இல்லை. பன்னிரண்டாம் அட்டவணையில் பேருந்து நிறுத்தமும் பொதுக் கழிப்பறையும் ஒரே வரியில்தான் இருக்கின்றன.

2019 ஜூலை 23 அன்று முதல் மேயர் உமா மகேஸ்வரி, ரெட்டியார்பட்டிச் சாலையில் உள்ள தன் வீட்டில் கொலை செய்யப்பட்டார். அவருடைய கணவரும், அந்த வீட்டில் வேலை பார்த்த பெண்ணும் உடன் கொல்லப்பட்டார்கள். அதற்குச் சரியாக 20 ஆண்டுகளுக்கு முன், 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களின் ஊர்வலத்தின்மீது போலீஸ் தடியடி நடத்தி, தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். பெண்களும் ஒரு குழந்தையும் அதில் உண்டு. அன்று இந்த நகரத்தின் மேயர் உமா மகேஸ்வரிதான். ஆற்றங்கரை மாநகராட்சியின் எல்லைக்குள். லத்தி மாநகராட்சியின் எல்லைக்கு வெளியே. தேதிகளில் அர்த்தம் தேடுகிறவள் இல்லை நான். 2019 செய்தியில் என்னைத் தொட்டது வேறு. தலைப்பில் முன்னாள் மேயர் இருந்தார். கணவர் அடுத்த வரியில். வீட்டு வேலை செய்தவர் மூன்றாவது வரியில் ‘பணிப்பெண்’. காலையில் ஒரு வீட்டைப் பெருக்கி, பிள்ளைகளைக் காப்பாற்ற வேலைக்குப் போகும் அப்படிப்பட்ட பெண்களின் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ரேஷனுக்கும் பொறுப்பு ஏற்கத்தான் மேயர் என்ற பதவியே இருக்கிறது. சாவில் மட்டும் இருவரும் ஒரே செய்தியில் வந்தார்கள்.

2022 பிப்ரவரி 19 தேர்தல் நடந்தது. மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். பாதி இடங்கள் பெண்களுக்கு. மேயரானது ஓர் ஆண், பி.எம். சரவணன், அவர் 2024இல் விலக, கோ. ராமகிருஷ்ணன் வந்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆயிரம் விளக்கின் ஓர் அணா, நூறு ஆண்டு கழித்துக் கிச்சடியும் பொங்கலுமாக வருகிறது. சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள், விடியுமுன்னே எழுந்து வருகிறவர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி ஊருக்குள் வந்தபோது, முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருத் தெருவாகப் போன பெண் கவுன்சிலர்களைப் பார்த்தேன். திட்டும் அவர்களுக்குத்தான் விழுந்தது. “ஓட்டு கேக்க மட்டும் வந்தியளே” என்று ஒரு பாட்டி கத்தினார். திட்டுவதற்கு ஓர் ஆள் திரும்பக் கிடைத்திருந்தது.

எங்கள் தெரு அக்கா 2022இல் நிற்கவில்லை. கட்சியில் வேறு ஒருவருக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். சென்ற மாதம் அந்த வழியாகப் போனபோது திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்தார். புதிய கவுன்சிலர், சின்னப் பெண், பக்கத்தில் உட்கார்ந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். தண்ணீர் திறந்துவிடுபவர், தெருவிளக்கு போடுபவர், சுடுகாட்டுக்காரர் என்று வரிசையாகச் செல்போன் எண்கள்.